உம்மாவின் கண்ணும் காரின் நீலமும்

புத்தளம் ஆஸ்பத்திரியில் உம்மாவின் வலது கண்ணில் வெண்புரை எடுத்த மறுநாள் காலை, தாதி கட்டை அவிழ்த்துவிட்டு இரண்டு விரலை நீட்டி எத்தனை என்று கேட்டார். உம்மா சரியாகச் சொன்னார். அதோடு நிற்காமல், தாதியின் தோட்டில் ஒரு கல் விழுந்திருப்பதையும் சொன்னார். தாதி காதைத் தடவிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

நான் போய்க் காரை வாசலுக்குக் கொண்டுவந்து முன்கதவைத் திறந்து பிடித்தேன். உம்மா ஏறவில்லை. குனிந்து உள்ளே பார்த்தபடி நின்றார்.

“மகள், இது யார்ர கார்?”

“நம்மட கார்தான் உம்மா.”

“இதுலயா இவ்வளவு நாளும் என்ன ஏத்திக்கிட்டுத் திரிஞ்ச?”

பின்னால் ஓர் அம்புலன்ஸ் ஹோர்ன் அடித்தது. உம்மாவைக் கையைப் பிடித்து ஏற்றி உட்கார வைத்தேன். பாலாவிச் சந்தி வரும் முன்பே கணக்கெடுப்பு தொடங்கிவிட்டது. டேஷ்போட் வெளுத்துப்போய்ச் சாம்பல் பூத்திருக்கிறது. கதவின் உள்பக்கத்தைத் தொட்டால் விரலில் மாவு ஒட்டுகிறது. கூரைத் துணி தொங்குகிறது. கைப்பிடியில் தோல் உரிந்திருக்கிறது. நுரைச்சோலை தாண்டும்போது என்னைத் திரும்பிப் பார்த்து, “உனக்கும் தலை நல்லா நரைச்சிட்டுத்தானே” என்றார்.

கோபம் வந்தது. கோபத்தைவிட வெட்கம் அதிகம் வந்தது. உம்மா சொன்ன எல்லாமே உண்மை.

அந்தக் காரை நான் வாங்கிப் பதினொரு வருடம். எத்தாளைப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் கணிதம் படிப்பிக்கிறேன், வீடு ஆலங்குடாவில். கல்யாணம் எனக்கு அமையவில்லை, கார் அமைந்தது. நான் வாங்கும்போதே அதற்கு இருபது வயது கடந்திருந்தது. எஞ்சினை ஒருநாளும் கவனிக்காமல் விட்டதில்லை. ஒயில் மாற்றுவேன், டயர் பார்ப்பேன், கடல் உப்பு பிடிக்காமல் அடியை நன்னீரில் கழுவுவேன். உள்பக்கத்தை மட்டும் மறந்துவிட்டேன். பாடசாலை வளவில் நிழல் என்று ஒன்றில்லை. காலை ஏழரைக்கு நிறுத்தினால் இரண்டு மணி வரை வெயில் கண்ணாடி வழியே இறங்கி உள்ளே இருக்கும். ஒவ்வொரு நாளும் ஏறி இறங்குகிற எனக்கு நிறம் போனது தெரியவில்லை. வாப்பா மௌத்தாகித் தனியான பிறகு என்னோடு வந்து இருந்த உம்மாவுக்கு, புரை மூடிய கண்ணால் அது தெரிய வழியும் இருக்கவில்லை.

அன்று பின்னேரம் எனக்கு மூத்த நானா புத்தளத்தில் இருந்து உம்மாவைப் பார்க்க வந்தார். உம்மா கண்ணைப் பற்றிப் பேசியதைவிடக் காரைப் பற்றித்தான் அதிகம் பேசினார். நானாவுக்கு அது வசதியாகப் போய்விட்டது.

“நான் எப்பவோ சொன்னன், அத வித்துத் தள்ளு எண்டு. உள்ளுக்கு வேலை செய்யணும் எண்டா சிலாபத்துல குஷன் கடையில ரெண்டு கிழமை போட்டு வைக்கணும். ஒரு பொம்பளை அங்க போய் நிண்டு வேலை வாங்க ஏலுமா?”

“நான் ஏன் அங்க போய் நிக்கணும்? நானே செய்யிறன்.”

“எதை?”

“உள்ளுக்கு எல்லாத்தையும்.”

நானா சிரித்தார். உம்மாவும் சிரித்தார். சொல்லிவிட்ட பிறகுதான், அதை எப்படிச் செய்வது என்று எனக்கு ஒன்றும் தெரியாது என்பது நினைவுக்கு வந்தது. ஆனால் வாயால் சொன்னது சொன்னதுதான். இடது கண்ணுக்கு ஆறு கிழமையில் வரச் சொல்லியிருந்தார்கள். அந்தக் கண்ணும் திறப்பதற்குள் காரை முடித்துவிட வேண்டும் என்று மனதுக்குள் ஒரு தவணை வைத்துக்கொண்டேன். நடுவில் பாடசாலை விடுமுறையும் வந்தது.

முதலில் செய்தது முட்டாள்தனம். அடுப்படியில் இருந்து தேங்காய் எண்ணெய் எடுத்துத் துணியில் நனைத்து டேஷ்போட் முழுக்கத் தேய்த்தேன். ஒரு மணி நேரத்தில் கறுத்து மினுங்கியது. உம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். “ஆ, சரிதானே” என்றார். மறுநாள் தென்மேற்குச் சோளகக் காற்று கடற்கரை மணலை வாரிக்கொண்டு வந்தது. யன்னல் இடுக்கால் உள்ளே போன மணல் முழுதும் எண்ணெயில் ஒட்டிக்கொண்டது. தாச்சியில் பொரிக்கப் போட்டு எடுத்த மீன் மாதிரி இருந்தது என் கார்.

அதைக் கழுவிக்கொண்டிருந்தபோதுதான் டேஷ்போட்டில் இருந்த சிகரெட் சாம்பல் தட்டைக் கழற்றினேன். நான் அதை ஒருநாளும் பாவித்ததில்லை. உள்ளே தள்ளியே கிடந்த தட்டை வெளியே இழுத்தால், அதன் பக்கவாட்டில் வெயில் படாத இடம் ஒன்று இருந்தது. நீலம். நல்ல ஆழ்ந்த நீலம். பதினொரு வருடமும் என் காரின் உள்நிறம் சாம்பல் என்று நினைத்துக்கொண்டிருந்தவள் நான். தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அதுவரை உம்மாவின் வாயை அடைப்பதற்காகச் செய்துகொண்டிருந்த வேலை, அந்த நிமிடத்தில் எனக்கே வேண்டிய வேலையாக மாறிவிட்டது.

கழற்றுவதை ஃபோனில் ஆட்கள் செய்து காட்டுவதைப் பார்த்துப் பார்த்துப் பழகினேன். கதவின் உள்பக்கப் பலகையைக் கழற்ற வேண்டுமென்றால் முதலில் யன்னல் சுற்றும் கைப்பிடியைக் கழற்ற வேண்டும். அதைப் பிடித்து வைத்திருப்பது நகம் அளவு கம்பி வளையம் ஒன்று. கைப்பிடிக்குப் பின்னால் பழைய துணியைக் கொடுத்து இரண்டு பக்கமும் இழுத்தால் வளையம் கழன்று வரும் என்றார்கள். கழன்றது. வரவில்லை, பறந்தது. முற்றத்து மணலில் எங்கோ விழுந்தது.

அரை மணி நேரம் முழங்காலில் நின்று தேடினேன். உம்மா வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்னத்தத் தேடுற?”

“ஒரு சின்னக் கம்பி, உம்மா. நீங்க வராதீங்க, தூசு. கண்ணுக்குக் கூடாது.”

கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் தந்த கறுப்புக் கண்ணாடியோடு இறங்கி வந்தார். இடது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு முற்றத்தை ஒருமுறை பார்த்தார். “அந்தா, முருங்கைக்குக் கிட்ட” என்றார். அங்கேதான் இருந்தது.

அதற்குப் பிறகு உம்மா வேலையை விட்டு விலகவே இல்லை. பாண் பெட்டி மூடியில் திருகாணிகளைக் கதவு கதவாகப் பிரித்து வைத்தார். நான் கழற்றிய ஒவ்வொரு துண்டின் பின்னாலும் பென்சிலால் இலக்கம் எழுதினேன். மூன்றாம் நாள் காரின் உள்பக்கம் எலும்புக்கூடாக இருந்தது. வெறும் தகரமும் வயர்களும் இரண்டு முன் இருக்கைகளும்தான் மிச்சம். வீட்டுக்குள்ளே விருந்தினர் கதிரைகள் எல்லாவற்றிலும் நீலம் போன பலகைகள் உட்கார்ந்திருந்தன.

கூரைத் துணியை முதலில் முடித்தேன். பழைய துணியை உரித்தபோது அதன் பின்னாலிருந்த நுரை பொடிப்பொடியாகக் கொட்டியது. கொரோனாக் காலத்து முகக்கவசங்கள் ஒரு பெட்டி வீட்டில் கிடந்தன. அவற்றைப் போட்டுக்கொண்டு கூரை மட்டையைப் பல் துலக்கும் பிரஷால் சுரண்டிச் சுத்தம் பண்ணினேன். புதுத் துணியைக் கம் பூசி ஒட்டும்போது உம்மா ஒரு முனையைப் பிடித்தார். துணி விடயத்தில் எனக்குச் சொல்லித்தர அவரை விடவில்லை, நானே ஒட்டினேன். ஒரு மூலையில் சுருக்கம் விழுந்தது. உரித்துத் திரும்ப ஒட்டினேன். இரண்டாம் முறையும் சின்னதாக ஒரு சுருக்கம் விழுந்தது. அதை விட்டுவிட்டேன்.

நிறத்துக்குச் சிலாபம் போக வேண்டியிருந்தது. கேட்ட நிறத்தைக் கலந்து ஸ்ப்ரே டின்னில் அடைத்துத் தரும் பெயின்ட் கடை ஒன்று அங்கே இருந்தது. கார் எலும்பாக நின்றதால் பஸ்ஸில் போனோம், நானும் உம்மாவும், என் கைப்பைக்குள் சாம்பல் தட்டும். கடைக்காரர் சிங்களவர், ஐம்பது வயதிருக்கும். தட்டைத் திருப்பிப் பார்த்தார். பிறகு எங்களுக்குப் பின்னால் யாரும் வருகிறார்களா என்று பார்த்தார்.

“வேலை செய்யிறது யார்?” என்று சிங்களத்தில் கேட்டார்.

“நான்தான்.”

“என்ன பூசி வச்சிருக்கீங்க இதுல?”

தேங்காய் எண்ணெய் என்று சொன்னேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். எண்ணெய் ஒரு சொட்டு இருந்தாலும் பெயின்ட் பிடிக்காது, வெயில் பட்டால் பாம்பு சட்டை மாதிரி உரியும் என்றார். சவர்க்காரத்தில் மூன்று தரம் கழுவி, ஸ்பிரிட்டால் துடைத்து, மெல்லிய மணல்தாளால் தேய்த்து, முதலில் பிளாஸ்டிக்குக்கான அடிப்பூச்சு அடித்து, அதற்குப் பிறகுதான் நிறம். நான் பாடக் கொப்பியில் எழுதுவது போல எழுதிக்கொண்டேன்.

நிறத்தைக் கலந்து ஒரு மட்டையில் தடவிக் காட்டினார். எனக்குச் சரியாகவே பட்டது. உம்மா மட்டையை வாங்கிக் கடை வாசலுக்குப் போனார், வெளிச்சத்துக்கு. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி, இடது கண்ணை மூடிப் பார்த்தார். பிறகு வலது கண்ணை மூடிப் பார்த்தார்.

“இந்தக் கண்ணுக்கு ரெண்டும் ஒண்டுதான். புதுக் கண்ணுக்கு இது பச்சை அடிக்கிது” என்றார்.

கடைக்காரர் சிரித்துக்கொண்டே இரண்டாவது தரம் கலந்தார். உம்மா அதையும் வாசலுக்குக் கொண்டுபோனார். திரும்பி வந்து, கடைக்காரரிடம் நேராகச் சிங்களத்தில் பேசினார். வாப்பாவோடு சேர்ந்து இருபது வருடம் அந்தப் பக்கமெல்லாம் துணி விற்றவர். அவருடைய சிங்களம் என்னுடையதைவிடச் சுத்தம்.

“மகன், இப்ப பச்சை போயிட்டு. ஆனா வெள்ளை கூடிட்டு. வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பூசினா வெளுத்த பழசு மாதிரியே நிக்கும்.”

மூன்றாவது தரம் அவர் சிரிக்கவில்லை. தட்டையும் மட்டையையும் தானே வாசலுக்கு எடுத்துப் போய் உம்மாவோடு நின்று பார்த்தார். கறுப்பில் இரண்டு சொட்டு விட்டார். உம்மா தலையாட்டினார். “அம்மாவை எனக்கு வேலைக்கு விட்டுட்டுப் போங்க” என்று அவர் என்னிடம் சொன்னார். உம்மா அந்த வசனத்தைப் பஸ்ஸில் எனக்கு நான்கு முறை சொல்லிக் காட்டினார்.

கழுவினேன், துடைத்தேன், தேய்த்தேன். நகக்கண்ணெல்லாம் நீலத்தூள். முதல் கதவுப் பலகையை முற்றத்தில் இரண்டு கதிரைகளுக்கு நடுவே வைத்து அடித்தபோது காற்று இல்லாதது போலத்தான் இருந்தது. அடித்து முடித்துக் கையைக் கழுவி வருவதற்குள் ஒரு வீச்சு வந்தது. ஈரப் பெயின்டில் மணல். ஊதினேன், போகவில்லை. விரலால் எடுக்கப் பார்த்து இன்னும் கெடுத்தேன். அந்தப் பலகையை மடியில் வைத்துக்கொண்டு அழவும் செய்தேன் என்று எழுதினால் அது உண்மைதான். உம்மா பார்க்கவில்லை, அசர் தொழுதுகொண்டிருந்தார்.

காய்ந்த பிறகு முழுதையும் தேய்த்து எடுத்துத் திரும்ப ஆரம்பித்தேன். சோளக மாதங்களில் எங்கள் கரைக்குப் பட்டம் கட்டிக் கடலில் ஓட வெள்ளைக்காரர்கள் வருவதே இந்தக் காற்றுக்காகத்தான். அது எனக்காக நிற்கப் போவதில்லை. ஆனால் விடியற்காலைச் சுபஹுத் தொழுகைக்குப் பிறகு ஒன்றரை மணி நேரம் அது சோம்பிக் கிடக்கும். அந்த நேரத்தை எடுத்துக்கொண்டேன். கார் நிறுத்தும் கொட்டிலில் பெரிய நுளம்பு வலையைக் கட்டி, தரையில் தண்ணீர் தெளித்து மணலை அடக்கி, வலைக்குள் நானும் பலகையும். மெல்லிதாக ஒரு பூச்சு. கால் மணி நேரம் பொறுத்து அடுத்தது. அவசரப்பட்டால் வழிந்து கோடு விழும். கரும்பலகையில் எழுதுவது போல இடமிருந்து வலமாக ஒரே வேகத்தில் கை போக வேண்டும் என்பதைப் பிடித்துக்கொண்ட பிறகு வேலை எனக்குப் படிந்தது.

இப்படி ஒரு நாளைக்கு ஒரு துண்டு. டேஷ்போட்டுக்கு மட்டும் நான்கு நாள் போயிற்று.

நடுவில் ஒருநாள் நானா வந்தார். வெறும் தகரக் கதவுகளையும் வலைக்குள் முகக்கவசத்தோடு நின்ற என்னையும் பார்த்தார்.

“இது இனிச் சரிவராது, தங்கச்சி. சாமான்களை அள்ளிப் போட்டு வித்துரு. ரெண்டாவது கண்ணுக்கு உம்மாவ நான் வேன்ல கூட்டிட்டுப் போறன்.”

“தேவல்ல. என்ட கார்லதான் போவாங்க.”

“கதவுக்கு உள்பக்கமே இல்ல, எதுல போற?”

நான் பதில் சொல்லும் முன் உம்மா குசினி யன்னலால் தலையை நீட்டினார். “நான் அவட கார்லதான் போவன். உன்ட வேன்ல சீட்டுக்குக் கீழ என்ன கிடக்கு எண்டு இந்தப் புதுக் கண்ணாலதான் பார்த்தன்.”

நானா தேத்தண்ணி குடிக்காமல் போய்விட்டார்.

குறித்த நாளுக்குள் மூன்று கதவுகளும் டேஷ்போட்டும் முடிந்து, பின் இருக்கையோடு ஏறிவிட்டன. பின் இடது கதவு மட்டும் பாக்கி. கழற்றும்போது அதன் பிளாஸ்டிக் கிளிப்புகளில் ஐந்து உடைந்திருந்தன. வெயிலில் காய்ந்தவை பப்படம் போல நொறுங்கின. மாற்றுக் கிளிப் தேடிப் புத்தளத்தில் பழைய வாகனச் சாமான் கடை மூன்றில் ஏறி இறங்கியும் அளவு சரிவரவில்லை. அந்தக் கதவுக்குப் பழைய பொலித்தீன் ஒன்றை ஒட்டிவிட்டு உம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். வழி முழுக்க ஸ்டியரிங்குக்கு அப்பால் அந்த நீலத்தைப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். ஓர் ஆட்டைக்கூட இடிக்கப் பார்த்தேன்.

ஆஸ்பத்திரியில் உம்மாவின் இரத்தத்தைப் பரிசோதித்துவிட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். சீனி மிகக் கூட. இப்போது கண்ணில் கை வைக்க முடியாது, மூன்று கிழமை கழித்து வரச் சொன்னார்கள். எனக்கு விளங்கவில்லை. சீனி வருத்தத்துக்கு மருந்து நேரத்துக்குக் கொடுக்கிறேன், தேத்தண்ணியும் வெறும் தேத்தண்ணிதான்.

உம்மாவை ஏற்றுவதற்குக் கதவைத் திறந்தபோதுதான் பார்த்தேன். அவர் பக்கத்துப் புது நீலத்தில், கைப்பிடிக்கு மேலே, எண்ணெய் விரல் அடையாளங்கள் மூன்று. முகர்ந்து பார்த்தேன். தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் மணக்கிற தொதல்.

கதவைச் சாத்திவிட்டு வண்டியை எடுத்தேன். உப்பளங்களைத் தாண்டியதும் உம்மா தானாகவே பேசினார்.

“பக்கத்து வீட்டுக் கந்தூரித் தொதல். கொஞ்சம் கொஞ்சமாத்தான் சாப்பிட்டன்.”

“எத்தனை நாளா?”

“ஒரு கிழமை.”

“ஏன் உம்மா?”

வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: “அண்டைக்கு எனக்கு எல்லாம் கேட்டிச்சி, மகள். கண்ணுக்குள்ள கத்தி வைக்கிற நேரம் டொக்டர் யாரோடயோ வீடு கட்டுற கதை கதைச்சிக்கிட்டு நிண்டார். எனக்குக் கலிமாவும் வாயில வரல்ல. திரும்ப அங்க படுக்க ஏலாது. சீனி கூடினா திருப்பி அனுப்பிருவாங்க எண்டு தெரியும். மிச்சக் காலத்துக்கு ஒரு கண் போதும்.”

முதல் ஒப்பரேஷனுக்குப் பிறகு ஆறு கிழமை போயிருந்தது. தோட்டுக் கல்லைப் பற்றியும் என் நரையைப் பற்றியும் என் காரைப் பற்றியும் பேசிய வாய், இதை ஒருநாளும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. பலகைகளோடு பலகையாகக் கிடந்திருக்கிறேன். காரைப் பாதையோரம் நிறுத்திவிட்டேன்.

“பயமா இருந்தா என்னட்டச் சொல்லணும் உம்மா. தொதலுக்கா சொல்லுறது?”

உம்மா சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டே. தாதியிடம் பேசி, படுக்க வைக்கும் வரை கூடவே நிற்கிறேன் என்றேன். டொக்டரிடமும் சொல்கிறேன் என்றேன். உம்மா வேண்டாம் என்று சொல்லவில்லை.

அடுத்த மூன்று கிழமையும் சுபஹுக்குப் பிறகு எங்கள் வளவில் இரண்டு வேலைகள் நடந்தன. நான் வலைக்குள் நின்று சின்னச் சின்ன மூடிகளையும் இருக்கை ஓரங்களையும் அடித்தேன். உம்மா வீட்டைச் சுற்றி நடந்தார். முதல் நாள் ஆறு சுற்று. கடைசி நாள்களில் எண்ணுவதை விட்டுவிட்டார்; கொட்டிலைத் தாண்டும் போதெல்லாம் “இந்தப் பக்கம் மெல்லிசா இரிக்கி” என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் சொன்னது பெரும்பாலும் சரியாகத்தான் இருந்தது. தொதல் வந்த பாத்திரத்தைக் கழுவிப் பக்கத்து வீட்டில் கொடுத்து, இனி அனுப்ப வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டு வந்தேன்.

சீனி இறங்கியது. இடது கண்ணும் நல்லபடி முடிந்தது. ஒப்பரேஷன் அறைக் கதவு வரை உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு போனேன். டொக்டரிடம், உம்மாவுக்கு எல்லாம் கேட்கும் என்று சொன்னேன். அவர் கொஞ்சம் திகைத்துப்போய்த் தலையாட்டினார். உள்ளே அவர் உம்மாவோடுதான் பேசினாராம், துணி வியாபாரம் எப்படி என்று.

மறுநாள் கட்டை அவிழ்த்துக் கூட்டி வந்தேன். இரண்டு கண்ணோடும் உம்மா காரில் ஏறி உட்கார்ந்தார். காரைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். பாலாவி போனது. கடல்நீர் தேங்கிய களப்புப் பக்கம் வெளித்தது, காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன. நுரைச்சோலையில் என்னால் பொறுக்க முடியவில்லை.

“உள்ளுக்கு எப்படி உம்மா?”

“உள்ளுக்கு நல்லாத்தான் இரிக்கி” என்றார், தலையைத் திருப்பாமலே. “கொஞ்சம் மெதுவா ஓட்டு. நான் வெளியப் பார்க்கிறன்.”

மெதுவாக ஓட்டினேன். வீடு வரைக்கும் அவர் யன்னலில் இருந்து முகத்தைத் திருப்பவில்லை.

பின் இடது கதவு அப்படியே இருந்தது. அந்தப் பக்கம் யாரும் உட்காருவதில்லை, யாரும் கேட்கவும் இல்லை. பாடசாலை தொடங்கிவிட்டது. ஆனாலும் அடுத்து வந்த சனிக்கிழமை சுபஹு முடித்துவிட்டு வலையைத் திரும்பக் கட்டி, அந்தப் பலகைக்கும் நிறம் அடித்துக் காயவிட்டேன். கிளிப்புகளை, உடைந்த ஒன்றை அளவுக்கு வைத்து, பழைய பிளாஸ்டிக் வாளியின் மூடியில் இருந்து நானே வெட்டி அரத்தால் சீவினேன். மூன்று பிழையாய்ப் போயின, ஐந்து சரிவந்தன. பலகையை வைத்து உள்ளங்கையால் ஓங்கி ஒரு தட்டுத் தட்டியதும் ஒவ்வொன்றாக டக் டக் என்று போய் உட்கார்ந்தன. யன்னல் கைப்பிடியைப் போட்டுச் சுற்றிப் பார்த்தேன். கண்ணாடி ஏறியது, இறங்கியது. காற்று எழும்பத் தொடங்கியிருந்தது. கண்ணாடியைத் திரும்ப ஏற்றிவிட்டு, கொஞ்ச நேரம் பின் இருக்கையில் உட்கார்ந்திருந்தேன். நான் ஒருநாளும் உட்காராத இடம் அது.